கேமுக்குள் வீடியோ திக்காமல் ஓட எந்த வழி?

"விஎல்சி-யில் போட்டால் தண்ணீராய் ஓடுகிற வீடியோ, என் கேமுக்குள் வந்ததும் ஏன் திக்குகிறது?" கேம் எழுதப் பழகுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கூடவே இன்னொன்றும் வரும்: "என்ஜினோடு வரும் பிளேயரை விட்டுவிட்டு எஃப்எஃப்எம்பெக்-குக்கு மாறிவிடட்டுமா?"

எஃப்எஃப்எம்பெக் என்பது ஏறக்குறைய எல்லா வகை வீடியோவையும் படிக்கும் திறந்த மூல நூலகம். மாறலாம். ஆனால் மாறிய பிறகும் திக்கல் அப்படியே இருக்கிறது என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு, சுருக்கி வைத்த வீடியோவை ஃப்ரேம்களாக (தனித்தனிப் படங்களாக) விரிக்கும் டிகோடரில் இருப்பதில்லை. இந்த நொடியில் எந்த ஃப்ரேமைத் திரையில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கடிகாரத்தில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, "அந்தக் கடிகாரம் யார் கையில் இருக்கிறது?" என்ற கேள்வியை விடாமல் கேட்கப்போகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஃப்ரேம்கள் சீரான இடைவெளியில் மாறுகின்றனவா என்பது. நொடிக்கு 30 ஃப்ரேம் என்ற சராசரியை நம்பாதீர்கள். சராசரி சரியாக இருக்கும்போதே கண்ணுக்குத் திக்கல் தெரியும்.

இதைச் சோதிக்க நான் செய்வது இதுதான். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதன் எண்ணைத் திரை நிறையப் பெரிதாக எழுதிய ஒரு நிமிட வீடியோவைத் தயாரித்துக்கொள்வேன். நொடிக்கொரு முறை ஒரு வெள்ளை மின்னலும் ஒரு 'பீப்' ஒலியும் இருக்கும். அதைக் கேமுக்குள் ஓடவிட்டு, போனின் ஸ்லோமோஷன் கேமராவில், நொடிக்கு 240 ஃப்ரேம் வேகத்தில், திரையைப் படம்பிடிப்பேன். 60 ஹெர்ட்ஸ் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்குள் போன் 4 படம் எடுத்துவிடும். ஆக, 30 ஃப்ரேம் வீடியோவில் ஒவ்வொரு எண்ணும் போனில் 8 படம் நிற்க வேண்டும்.

நான் எழுதிய முதல் பிளேயரை இப்படி எண்ணிப் பார்த்தபோது 8, 8, 12, 4, 8, 12, 4 என்று வந்தது. ஒரு ஃப்ரேம் ஒரு புதுப்பிப்பு கூடுதலாக நின்று, அடுத்தது பாதி நேரத்தில் ஓடிப்போயிருந்தது. டிகோட் செய்யும் நேரமோ 3 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. மூன்று நாள் டிகோடரைக் குடைந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஒலி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சவுண்ட் கார்டைக் கேட்டு, அதற்கேற்ற ஃப்ரேமைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒலியின் நேரம் வழுக்கிக்கொண்டு நகர்வதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் ஓடும் ஒலியில், 1024 சாம்பிள் கொண்ட பஃபர் (ஒரே தவணையில் அனுப்பும் ஒலித் துண்டு) என்றால் ஒரு படி 21.3 மில்லிசெகண்ட். திரையோ 16.67 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. இந்த இரண்டு அளவும் ஒன்றோடொன்று பொருந்தாததால், ஃப்ரேம் சில சமயம் தாமதமாகவும் சில சமயம் அவசரமாகவும் மாறியது.

இதற்கான மருந்து எளிது. திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் உங்கள் சொந்தக் கடிகாரத்தை 16.67 மில்லிசெகண்ட் நகர்த்துங்கள். ஒலியின் நேரத்தோடு அதை ஒப்பிட்டு, வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிசெய்யுங்கள். வித்தியாசம் 100 மில்லிசெகண்டைத் தாண்டினால் மட்டும் ஒரே தாவாகத் தாவுங்கள். கூடவே ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்கும்போது அரைப் புதுப்பிப்பு நேரத்தை, சுமார் 8 மில்லிசெகண்டை, கூட்டிப் பாருங்கள். ஃப்ரேம் மாறும் நொடி திரை மாறும் நொடியின் விளிம்பிலேயே உட்கார்ந்து அங்குமிங்கும் தத்தளிப்பது அதோடு நின்றுவிடும்.

இரண்டாவது அளவுகோல், காப்பி, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எவ்வளவு டேட்டா நகலெடுக்கப்படுகிறது என்பது. 1920×1080 அளவுள்ள ஒரு படத்தை ஆர்ஜிபிஏ-வாக (புள்ளிக்கு 4 பைட்) விரித்தால் 83 லட்சம் பைட். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் கிட்டத்தட்ட 500 எம்பி ஒவ்வொரு நொடியும் ஜிபியு என்ற கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போக வேண்டும். அதே படத்தை வீடியோ டிகோடர் தரும் ஒய்யுவி (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும்) வடிவத்திலேயே அனுப்பினால் 31 லட்சம் பைட் போதும். நிறமாற்றத்தை ஷேடர், அதாவது ஜிபியு-வில் ஓடும் சிறு நிரல், பார்த்துக்கொள்ளும். எந்த வழியைத் தேர்ந்தாலும், டிகோடர் ஒய்யுவி-யாகத் தருமா என்று முதலில் பாருங்கள்.

மற்றவை: எந்தெந்தக் கருவிகளில் ஓடும், உரிமச் சிக்கல் உண்டா, ஃபைல் எவ்வளவு பெரிதாகும், லூப்பும் பின்னோக்கி ஓட்டமும் வேண்டுமா.

| வழி | டிகோட் எங்கே | கடிகாரம் யார் கையில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| என்ஜின் பிளேயர் | ஓஎஸ் அல்லது சிபியு | என்ஜின் | கருவிக்குக் கருவி மாறும் நடத்தை |
| எஃப்எஃப்எம்பெக் | சிபியு, விரும்பினால் ஹார்ட்வேர் | நீங்கள் | உரிமம், பில்டு, பராமரிப்பு |
| பிங்க் | சிபியு அல்லது ஜிபியு | பெரும்பாலும் நூலகம் | கட்டணம், ஃபைல் அளவு |
| எம்பெக்-1 சிறு டிகோடர் | சிபியு | நீங்கள் | ஃபைல் அளவு, தரம் |
| படச்சீட்டு (எல்லா ஃப்ரேமும் ஒரே படத்தில்) | டிகோடே இல்லை | நீங்கள் | மெமரி |
| நிகழ்நேரக் கட்சீன் (என்ஜினே ஓட்டும் கதைக் காட்சி) | பொருந்தாது | கேமின் கடிகாரமே | அனிமேஷன் உழைப்பு |

## என்ஜினோடு வரும் பிளேயர்

யூனிட்டி என்ஜினின் வீடியோபிளேயர் 2017-இல் 5.6 பதிப்போடு வந்தது. இது தானாக டிகோட் செய்வதைவிட, ஓஎஸ் தரும் வசதியையே பெரிதும் நம்புகிறது: விண்டோஸில் மீடியா ஃபவுண்டேஷன், ஆப்பிள் கருவிகளில் ஏவிஃபவுண்டேஷன், ஆண்ட்ராய்டில் மீடியாகோடெக். எச்.264 என்ற பரவலான வடிவத்தில் உள்ள வீடியோ ஹார்ட்வேரில் டிகோட் ஆவதால் சிபியு-வுக்குச் சுமை குறைவு. மொபைலில் பேட்டரியும் சூடும் முக்கியம் என்பதால், அங்கே என் முதல் தேர்வு இதுதான்.

திக்கல் என்று வரும் புகார்களில் ஒரு பெரிய பங்கு, 'பிளே'-யை நேராகக் கூப்பிடுவதால் வருகிறது. ஃபைலைத் திறந்து, டிகோடரை எழுப்பி, முதல் சில ஃப்ரேம்களைத் தயார் செய்யும் வேலை எல்லாம் அந்தக் கணத்தில்தான் தொடங்கும். கட்சீன் வருவதற்குச் சில நொடிகள் முன்னாலேயே 'ப்ரிப்பேர்' கொடுத்து, தயாராகிவிட்டது என்ற நிகழ்வு வந்த பிறகு ஓடவிட்டால் தொடக்கத்தில் வரும் தடுமாற்றம் போய்விடும். ஃப்ரேம் பிந்தினால் தவிர்த்துவிட்டு ஒலியோடு சேர்ந்துகொள்ளும் அமைப்பும் இருக்கிறது. பேச்சு வரும் கட்சீனுக்கு அதை இயக்கி வையுங்கள். பின்னணியில் ஓடும் அருவி, தீ போன்றவற்றுக்கு நிறுத்தி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

இதில் கடிகாரம் என்ஜினிடம் இருக்கிறது. உங்களால் செய்ய முடிவது, அது ஒலியின் நேரத்தைப் பின்பற்றுவதா கேமின் நேரத்தைப் பின்பற்றுவதா என்று சொல்வது மட்டும்தான். பல கேம்களுக்கு அதுவே போதும்.

மறைந்திருக்கும் செலவு, ஒரே ஃபைல் கருவிக்குக் கருவி வேறு மாதிரி நடந்துகொள்வது. விண்டோஸின் 'என்' பதிப்புகளில் மீடியா பாகங்களே கிடையாது. ஆடுபவர் தனியாக நிறுவாதவரை எச்.264 கட்சீன் ஓடாது. லினக்ஸிலும் ஸ்டீம் டெக்கிலும் புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) வழியாக ஓடும் விண்டோஸ் கேமில் கட்சீன் இருக்க வேண்டிய இடத்தில் பழைய டிவி ஸ்டேஷன் மாதிரி வண்ணப் பட்டைகள் வந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த வீடியோவை டிகோட் செய்ய வழியில்லை என்பதற்கான அடையாளம் அது. வெப்ஜிஎல்-லில் (பிரவுசரில் ஓடும் பில்டில்) யூனிட்டிக்கு வீடியோ கிளிப்பாகக் கொடுக்க முடியாது, முகவரியாகத்தான் கொடுக்க வேண்டும். வெப்எம் விபி8 வடிவத்துக்கு மாறினால் இந்த வித்தியாசங்களில் பல மறைந்துவிடும், ஒளிபுகும் பின்னணியும் கிடைக்கும். ஆனால் விபி8 பெரும்பாலும் சாஃப்ட்வேரில் டிகோட் ஆவதால் சுமை சிபியு-வுக்குத் திரும்பி வரும்.

கோடோ என்ஜின் வேறு பாதையில் போகிறது. கோடோ 4 தன்னளவில் ஓட்டுவது ஆக் தியோரா வடிவ வீடியோவை மட்டும். 2001-இல் பொதுவில் கொடுக்கப்பட்ட விபி3 என்ற பழைய கோடெக்கிலிருந்து (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) பிறந்தது இது. டிகோட் முழுவதும் சிபியு-வில் நடக்கும். காப்புரிமைத் தொல்லை இல்லை, எல்லா டெஸ்க்டாப்பிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் அதே தரத்துக்கு எச்.264-ஐவிடப் பெரிய ஃபைல் வேண்டும். மலிவு ஆண்ட்ராய்டு போனில் 1080 அளவுத் தியோராவை நம்பி இறங்காதீர்கள். 720-க்குக் குறைத்தால் பிக்ஸல் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிடும். கட்சீன் ஓவியமாக இருந்தால் ஆடுபவர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

## எஃப்எஃப்எம்பெக்-ஐ நீங்களே இணைப்பது

சொந்த என்ஜின் எழுதுகிறவர்களும், ஆடுபவர் கொண்டுவரும் எந்த வீடியோவையும் ஓட்ட வேண்டிய கட்டாயம் உள்ளவர்களும் இங்கே வரலாம். கரோக்கி கேம், பயனர் மாற்றங்களை ஏற்கும் ரிதம் கேம் போன்றவை. அவற்றுக்கு வேறு வழி அரிது.

மற்றவர்கள் வருவதற்கு முன் வேலையின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். டிகோட் தனி த்ரெட்டில் நடக்க வேண்டும். அது தயார் செய்த மூன்று நான்கு ஃப்ரேம்களை ஒரு சுழல் வரிசையில் வைத்திருக்க வேண்டும். முதன்மை த்ரெட் அதிலிருந்து எடுத்து ஜிபியு-வுக்கு ஏற்ற மட்டும் செய்ய வேண்டும். எஸ்டிஎல் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒய்யுவி டெக்ஸ்ச்சரை நேரடியாகப் புதுப்பிக்கும் வசதி இருப்பதால் ஷேடர் எழுதும் வேலை மிச்சம்.

நிறத்தைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். வீடியோவில் கருப்பு என்பது பெரும்பாலும் 0 அல்ல, 16. வெள்ளை 255 அல்ல, 235. இதைக் கவனிக்காமல் மாற்றினால் இரவுக் காட்சியின் வானம் சாம்பல் பூத்துத் தெரியும். எச்டி வீடியோவுக்கு பிடி.709, பழைய எஸ்டி அளவுக்கு பிடி.601 என்று கணக்கும் வேறு. பிடி.709-இல் சிவப்புக்கு ஒளி மதிப்பிலிருந்து 16-ஐக் கழித்து 1.164-ஆல் பெருக்கி, அதோடு வி மதிப்பிலிருந்து 128-ஐக் கழித்து 1.793-ஆல் பெருக்கியதைக் கூட்ட வேண்டும். 601-இன் எண்களை இங்கே போட்டால் முகத்தின் நிறம் மாறிவிடும். கேமின் காட்சியிலிருந்து கட்சீனுக்குத் தாவும் இடத்தில், ஒரே கதாபாத்திரம் இரு நிறத்தில் நிற்பதைப் பார்த்தால் ஓவியருக்கு மனம் கஷ்டப்படும். ஷேடரை முடித்ததும் கேமின் ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவின் ஃப்ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஃபைல் முடிந்ததும் டிகோடருக்குள் இன்னும் சில ஃப்ரேம்கள் மிச்சம் இருக்கும். அவற்றை வடித்தெடுக்காவிட்டால் கட்சீனின் கடைசி ஃப்ரேம்கள் காணாமல் போகும். கறுப்புக்கு மங்கி முடியும் காட்சி, முழுக் கறுப்பை எட்டுவதற்கு முன்பே வெட்டுப்படும்.

ஹார்ட்வேர் டிகோடை இயக்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். டிகோடான படம் ஜிபியு-வின் மெமரியில்தான் இருக்கும். அதை உங்கள் ரெண்டரருக்குள் நேராக எடுத்துக்கொள்ளும் இணைப்பை ஒவ்வொரு ஓஎஸ்-க்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அதைச் செய்யாமல் சிபியு-வுக்கு இறக்கி மறுபடி ஏற்றினால், மிச்சம் பிடித்த நேரத்தைக் காப்பியிலேயே இழந்துவிடுவீர்கள்.

உரிமம்: எஃப்எஃப்எம்பெக்-இன் அடிப்படை எல்ஜிபிஎல். சில பாகங்களைச் சேர்த்துக் கட்டினால் முழுவதும், கேமின் மூலத்தையும் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் ஆகிவிடும். கேமை மூடிய மூலத்தோடு விற்பவர்கள் எல்ஜிபிஎல் பில்டைத் தனி நூலகமாக, டைனமிக்காக இணைப்பதே வழக்கம். மென்பொருளின் உரிமம் வேறு, எச்.264-இன் காப்புரிமை வேறு என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாவதைத் தவிர்க்க விரும்பினால் விபி9 போன்ற கட்டணமில்லாக் கோடெக்கில் வீடியோவைத் தயாரியுங்கள்.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது, கடிகாரம் முழுக்க உங்கள் கையில் இருப்பது. மேலே சொன்ன திருத்தம் அனைத்தையும் செய்ய முடியும். செய்யாமல் விட்டால் என்ஜின் பிளேயரைவிட மோசமாக ஓடும்.

## பிங்க்

ரேட் கேம் டூல்ஸ் 1999-இல் கொண்டுவந்த பிங்க், கேம்களுக்காகவே செய்யப்பட்ட கோடெக். பல ஆண்டுகளாகப் பெரிய கேம்களின் தொடக்கத்தில் அதன் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். 2021-இல், அன்ரியல் என்ஜினைச் செய்யும் எபிக் அந்த நிறுவனத்தை வாங்கியது. அன்ரியல் 4.27 முதல் பிங்க் அந்த என்ஜினுக்குள்ளேயே கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அன்ரியலில் வேலை செய்கிறவர்கள் நேராக இதற்கே போகலாம்.

இதன் பலம் ஓஎஸ்-ஐ நம்பாமல் இருப்பது. கன்சோல், பிசி, மொபைல் எல்லாவற்றிலும் ஒரே டிகோடர், ஒரே நடத்தை. 'என்' பதிப்பும் வண்ணப் பட்டையும் இங்கே பிரச்சினை இல்லை. டிகோட் வேகமானது, மெமரி தேவையும் குறைவு. ஃபைல் மட்டும் அதே தரத்து எச்.264-ஐவிடப் பெரிதாகும். அன்ரியலுக்கு வெளியே என்றால் உரிமம் வாங்க வேண்டும். தனியாளாகக் கேம் செய்கிறவருக்கு அந்தச் செலவு எளிதில் நியாயப்படாது.

## எம்பெக்-1: சிறிய டிகோடர்

இந்த வழியை யாரும் யோசிப்பதில்லை. எனக்குப் பிடித்ததும் இதுதான். எம்பெக்-1 வந்தது 1993-இல், வீடியோ சிடி காலத்து வடிவம். அதன் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. பிஎல்_எம்பெக் என்ற நூலகம் ஒரே ஹெடர் ஃபைல்தான். அதைக் கோப்புறையில் போட்டுச் சேர்த்துக்கொண்டால் படமும் ஒலியும் டிகோட் ஆகிவிடும். எம்ஐடி உரிமம். ஒய்யுவி-யாகவே ஃப்ரேம் தருகிறது. சி மொழி கம்பைல் ஆகும் எந்த இடத்திலும் ஓடும்.

சொந்த என்ஜினில், மொத்தம் ஒன்றிரண்டு நிமிட வீடியோ மட்டும் இருக்கும் சிறிய கேமுக்கு இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியாது. டிகோடரின் மூலத்தை ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். எங்கே நேரம் போகிறது என்று தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை.

பழைய கோடெக் என்பதால் தரத்துக்குக் கூடுதல் பிட்ரேட் வேண்டும். வேகமான அசைவில் கட்டம் கட்டமாக உடைவது தெரியும். ஒளிபுகும் பின்னணி கிடையாது. நொடிக்கு 24, 25, 30, 50, 60 போன்ற குறிப்பிட்ட ஃப்ரேம் வேகங்களை மட்டுமே ஏற்கும். கட்சீன் மொத்தம் அரை மணி நேரம் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

## படச்சீட்டு

வெடிப்பு, புகை, மந்திர ஒளி, மெனுவில் சுழலும் சின்னம் போன்றவற்றுக்கு வீடியோவே வேண்டாம். 512×512 அளவில் 64 ஃப்ரேம், 8-க்கு 8 என அடுக்கினால் 4096×4096 டெக்ஸ்ச்சர் ஒன்று. அழுத்தாமல் வைத்தால் 64 எம்பி. ஜிபியு நேராகப் படிக்கும் பிசி7 அழுத்தத்தில் 16 எம்பி. மொபைலில் ஏஎஸ்டிசி 8×8 என்றால் 4 எம்பி. கிடைப்பது 30 ஃப்ரேம் வேகத்தில் இரண்டு நொடி அசைவுதான். ஆனால் எந்த ஃப்ரேமுக்கும் உடனே தாவலாம், பின்னோக்கி ஓட்டலாம், திரையில் ஐம்பது இடத்தில் ஒரே சமயம் காட்டலாம். லூப் போடும்போது துளித் தடங்கலும் இருக்காது.

வீடியோவில் லூப் ஏன் தடுமாறுகிறது என்றால், தொடக்கத்துக்குத் தாவும்போது டிகோடர் கீஃப்ரேமிலிருந்து (முந்தைய ஃப்ரேம்களை நம்பாமல் முழுதாக இருக்கும் ஃப்ரேம்) மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மூன்று நொடிக்குக் குறைவான லூப் எதையும் நான் வீடியோவாக வைப்பதில்லை.

## வீடியோவே இல்லாத கட்சீன்

1080 அளவில், நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில், 10 நிமிட வீடியோ 750 எம்பி ஆகும். அதே காட்சியை என்ஜினுக்குள்ளேயே ஓட்டினால், ஏற்கெனவே கேமில் இருக்கும் மாடல்களும் இடங்களும் போதும். ஆடுபவர் தன் கதாபாத்திரத்துக்குப் போட்டுவிட்ட சட்டை கட்சீனிலும் வரும். மொழி மாற்றினால் எழுத்தும் குரலும் மட்டும் மாறும், பத்து வீடியோ தயாரிக்க வேண்டாம். தனிக் கடிகாரமும் கிடையாது, அதனால் அதைச் சரிக்கட்டும் வேலையும் கிடையாது.

பதிலுக்கு அனிமேஷன், கேமரா அசைவு, காட்சிக்குக் காட்சி லோடிங் என உழைப்பு ஏறும். கையால் வரைந்த ஓவியத்தை மெல்ல நகர்த்திக் கதை சொல்லும் பாணி என்றால், அதை வீடியோவாக ரெண்டர் செய்யாமல் படங்களாகவே வைத்து என்ஜினில் நகர்த்துங்கள். 4கே திரையிலும் கோடு கூர்மையாக நிற்கும்.

## எந்த வழியானாலும் ஃபைலைத் தயாரிக்கும்போது

அனிமேட்டர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே 30 அல்லது 60 ஃப்ரேம் என்று பேசி முடித்துவிடுங்கள். 24 ஃப்ரேம் வீடியோ 60 ஹெர்ட்ஸ் திரையில் மாறி மாறி 3, 2 புதுப்பிப்பு நிற்கும். போன் சோதனையில் 12, 8, 12, 8 என்று வரும். அது நிரலின் பிழை இல்லை. 60 என்பது 24-ஆல் மீதியின்றி வகுபடாது. கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும் காட்சியில் கண்ணுக்குத் தெரிந்தே தீரும்.

போனில் எடுத்த வீடியோவை அப்படியே சேர்க்காதீர்கள். அதில் ஃப்ரேம் இடைவெளி இடத்துக்கு இடம் மாறியிருக்கும். நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே கேமுக்குள் வரட்டும். ஒலியை 48,000 சாம்பிளுக்கு மாற்றி, கேமின் ஒலி அமைப்பும் அதே எண்ணில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்கொரு கீஃப்ரேம் வையுங்கள். ஃபைல் சற்றுப் பெரிதாகும், ஆனால் ஆடுபவர் பாஸ் செய்து திரும்பும்போதும் நீங்கள் நடுவில் தாவும்போதும் காத்திருப்பு இருக்காது.

எண் எழுதிய சோதனை வீடியோவையும் இதே அமைப்புகளில் தயாரித்து, கேமின் சோதனை பில்டுக்குள் ஒரு மறைவான மெனுவில் வைத்துவிடுங்கள். உங்கள் மேஜைக் கணினியில் 8, 8, 8 என்று வந்த பிறகு, உங்களுக்குக் கிடைக்கும் ஆகப் பழைய லேப்டாப்பை வாங்கி, சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். 12-ஐத் தொடர்ந்து 4 வந்தால் கடிகாரத்தைத் திருத்துங்கள். 12 வந்து 4 வராமலே போனால், அந்த லேப்டாப்பால் டிகோடுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வீடியோவின் அளவைக் குறையுங்கள்.